சுங்க விலக்கு நாள்களில் ஃபாஸ்டேக்: பணம் கழிந்தால் எங்கே பார்ப்பது, யாரிடம் கேட்பது

விநாயகர் சதுர்த்தியை ஒட்டி மும்பையிலிருந்து கொங்கணத்துக்குச் செல்லும் வாகனங்களுக்கு மகாராஷ்டிர அரசு சுங்கக் கட்டணத்திலிருந்து விலக்கு அளித்து வருகிறது. 2024-இல் செப்டம்பர் 5 முதல் 19 வரையிலும், 2025-இல் ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 8 வரையிலும் இந்த விலக்கு நடப்பில் இருந்தது. மும்பை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48, மும்பை–கோவா தேசிய நெடுஞ்சாலை 66, பொதுப்பணித் துறையின் சில சாலைகள் ஆகியவை இதில் அடங்கும். செம்பூர், மாட்டுங்கா, தாராவி, முலுண்ட் பகுதிகளில் வாழும் தமிழர்களில் பலர் அதே நாள்களில், அதே 48-ஆம் நெடுஞ்சாலையில்தான் ஊருக்குக் கிளம்புகிறோம். வேறு சிலர் மராத்தி நண்பர்களின் குடும்பத்தைச் சாவந்த்வாடி, குடாள் பக்கம் கொண்டுபோய் விடுகிறோம். பண்டிகை முடிந்து வீடு திரும்பியதும், "விலக்கு என்றார்களே, என் ஃபாஸ்டேக்கில் ஏன் பணம் போயிருக்கிறது?" என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எந்தச் சாவடி, எந்த விலக்கு, டேக்கின் நிலை என்ன என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆகவே, கண்ணில் படும் அறிகுறியைக் கொண்டு காரணத்தைத் தேடும் முறையில் இதை எழுதுகிறேன்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் டேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான குழப்பங்கள் அங்கேதான் பிறக்கின்றன. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்குக்குள் பேட்டரி எதுவும் இல்லை. பாதையின் மேற்கூரையில் பொருத்தியிருக்கும் ஆன்டெனா 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் அனுப்பும் அலையே டேக்குக்கு ஆற்றலைக் கொடுத்து, அதன் எண்ணைத் திருப்பி அனுப்ப வைக்கிறது. இது வண்டி பணியாளரின் சாளரத்தை அடைவதற்குச் சில மீட்டர்களுக்கு முன்பே, கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். டேக்கில் இருப்பது வெறும் எண் மட்டுமே. இன்று விலக்கு நாளா, முன்கண்ணாடியில் விலக்குச் சீட்டான பாஸ் ஒட்டியிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. விலக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள் சாவடியின் கணினியும் பணியாளரும்தான்.

விலக்கிலும் மூன்று விதங்கள் உண்டு. முதலாவது, எல்லோருக்கும் வசூலை நிறுத்திவிடுவது: பணமதிப்பு நீக்கத்தின்போது 2016 நவம்பர் 9 முதல் டிசம்பர் 2 நள்ளிரவு வரையிலும், பெருந்தொற்று ஊரடங்கின்போது 2020 மார்ச் இறுதி முதல் ஏப்ரல் 19 வரையிலும் தேசிய நெடுஞ்சாலைகளில் அப்படித்தான் நடந்தது. இரண்டாவது, ஒரு வகை வாகனத்துக்கு மட்டும் நிரந்தரமாக விலக்குவது. மும்பையின் ஐந்து நுழைவுச் சாவடிகளில் இப்போது உள்ளது இதுவே. மூன்றாவது, பாஸ் வைத்திருக்கும் வண்டிக்கு மட்டும் விலக்குவது. விநாயகர் சதுர்த்திக்கும், பண்டரிபுரம் செல்லும் ஆஷாடி வாரி யாத்திரை வாகனங்களுக்கும் தருவது இந்த வகை. முதல் இரண்டில் கணினியே கட்டணத்தைச் சுழியம் ஆக்கிவிடலாம். மூன்றாவதில் அது முடியாது. ஒரே பாதையில் பாஸ் உள்ள வண்டியும் இல்லாத வண்டியும் அடுத்தடுத்து வருவதால், ஆன்டெனா இயங்கிக்கொண்டேதான் இருக்கும். சீனாவில் வசந்த விழா, தேசிய நாள் போன்ற நான்கு விடுமுறைகளில் ஏழு இருக்கைக்கு உட்பட்ட சிறு வாகனங்களுக்கு விரைவுச் சாலைகளில் கட்டணம் இல்லை. அது 2012 முதல் நடக்கிறது. அங்கே பாஸ் வாங்க வேண்டியதில்லை என்பதால் மின்னணு அட்டை உள்ள வண்டியும் வழக்கமான பாதையிலேயே சென்று சுழியக் கட்டணத்தில் வெளியேறலாம். நம்முடைய விலக்கு காகிதத்தில் இருப்பதால்தான் கீழே சொல்லும் சிக்கல்களில் முதலாவது ஏற்படுகிறது.

அறிகுறி: பாஸ் ஒட்டியிருந்தும் பணம் கழிந்துவிட்டது

இது என் காரிலேயே நடந்தது. பக்கத்து வீட்டுக் குடும்பத்தைச் சாவந்த்வாடிக்கு அழைத்துச் செல்வதற்காக என் வண்டி எண்ணுக்குப் பாஸ் வாங்கி, முன்கண்ணாடியின் இடது மூலையில் ஒட்டியிருந்தோம். 48-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு சாவடியை விடியற்காலை நான்கு மணி வாக்கில் அடைந்தோம். எனக்கு முன்னால் ஆறு வண்டிகள். எல்லாப் பாதைகளிலும் பச்சை விளக்கு எரிந்ததால் எது வசதியோ அதில் நுழைந்தேன். பணியாளர் டார்ச் விளக்கை பாஸின் மீது அடித்து, தேதியைப் படித்து, தலையை ஆட்டினார். ஆனால் அவர் விளக்கை உயர்த்தும் முன்பே தடைக்கம்பு மேலே போயிருந்தது. கட்டணம் பெறப்பட்டதால்தான் அது திறந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடுத்த தேநீர்க் கடையில் நிறுத்தியபோது கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்திருந்தது.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் எந்தப் பாதையில் போனீர்கள் என்பது. பாஸ் உள்ள வண்டிகளுக்குத் தனிப் பாதை ஒதுக்கியிருந்தால் அதற்கான பலகையோ, கொடியுடன் நிற்கும் ஆளோ சாவடிக்கு முன்னரே இருக்கும். அப்படி ஒன்றும் தென்படாவிட்டால், கூரையின் கீழ் நுழைவதற்கு முன் ஓரமாக வேகத்தைக் குறைத்து, நிற்கும் பணியாளரிடம் மராத்தியில், "கண்பதி பாஸ் ஆஹே, ஸ்கேன் கரு நகா" என்று சொல்லிவிடுங்கள். பாஸ் இருக்கிறது, ஸ்கேன் செய்யாதீர்கள் என்பது அதன் பொருள். முன்னே உள்ள வண்டியோடு ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். நெரிசலில் ஆன்டெனா முன் வண்டிக்குப் பதிலாகப் பின்னால் நிற்கும் உங்கள் டேக்கைப் படித்துவிட வாய்ப்பு உண்டு. ஒரு வண்டி நீளம் இடைவெளி விட்டால் போதும்.

டேக்கைக் கழற்றி டாஷ்போர்டில் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒருமுறை உரித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ஆன்டெனா அறுந்து டேக் செத்துவிடும்படியாகத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டும் டேக்குகளைக் கருப்புப் பட்டியலில் சேர்க்கும்படி தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் சாவடிகளுக்கு அறிவுறுத்தியும் இருக்கிறது. அலுமினியத் தாளால் மூடினால் அலை உள்ளே போகாது என்பது உண்மைதான். ஆனால் விலக்கு இல்லாத அடுத்த சாவடியில் தாளை எடுக்க மறந்தால், டேக் இல்லாத வண்டியாகக் கருதி அபராதக் கட்டணம் கேட்பார்கள். அந்த ஒரு மறதிக்கு ஆகும் செலவு, காப்பாற்றிய தொகையைத் தின்றுவிடும்.

அடுத்து, பாஸையே ஒருமுறை படித்துப் பாருங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ, போக்குவரத்துக் காவலரிடமோ, காவல் நிலையத்திலோ கொடுக்கும் அந்தச் சீட்டில் வாகன எண்ணும் உரிமையாளர் பெயரும் இருக்கும். நண்பரின் காருக்கு வாங்கிய பாஸை உங்கள் காரில் ஒட்டினால் அது செல்லாது. அதைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. கடைசி நேரத்தில் வண்டியை மாற்றியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பாஸ் திரும்பும் பயணத்துக்கும் செல்லும் என்பதால், ஊர் போய்ச் சேர்ந்ததும் அதைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள்.

அறிகுறி: ஊருக்குப் போகும் வழியில் எல்லாச் சாவடிகளிலும் பணம் கழிகிறது

மும்பையிலிருந்து சேலம், மதுரை, திருநெல்வேலி என்று புறப்படும் நம்மவர்களின் வண்டிகளில் இதைக் கேட்கிறேன். இது பிழை அல்ல. அந்த விலக்கு கொங்கணத்துக்குச் செல்லும் பக்தர்களுக்கானது. புணேவைத் தாண்டி கேட் சிவாபூர், ஆனேவாடி, தாசவடே, கிணி ஆகிய சாவடிகள் வழியாக நாமும் போகிறோம், கோலாப்பூர் வழியாக ஆம்போலி மலைப்பாதையில் இறங்கிக் கொங்கணம் போகிறவர்களும் போகிறார்கள். சாலை ஒன்றாக இருப்பதால் விலக்கும் ஒன்று என்று தோன்றுகிறது. ஆனால் பாஸ் இல்லாத வண்டிக்கு அங்கே வழக்கமான கட்டணம்தான்.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் கொங்கணம் என்று எழுதிக்கொடுத்துப் பாஸ் வாங்குவது சரியல்ல என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஒரு முறை கிராமத்துக்குப் போய்ப் பிள்ளையாரை வீட்டில் வைத்துக் கும்பிடும் ஆலைத் தொழிலாளர்களின், சிறு வேலைக்காரர்களின் குடும்பங்களுக்காக வந்த சலுகை அது. பொங்கலுக்குச் சிறப்புப் பேருந்து விட்டால் நாம் எப்படி அதை நம்முடையது என்று நினைக்கிறோமோ, அப்படித்தான் அவர்களும் இதை நினைக்கிறார்கள்.

பாஸ் உள்ளவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகாராஷ்டிர எல்லை முடிந்ததும் மாநில அரசின் விலக்கு முடிந்துவிடுகிறது. நிப்பாணிக்கு அருகிலுள்ள கொக்னோளி கர்நாடகத்தில் இருக்கும் சாவடி. அதற்கப்பால் ஹத்தர்கி, ஹிரேபாகேவாடி என்று போய்க்கொண்டே இருக்கும். அங்கெல்லாம் பாஸைக் காட்டுவதால் பயன் இல்லை. எனவே கொக்னோளிக்கு முன்பே டேக்கின் இருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மும்பை நுழைவுச் சாவடியில் காருக்குப் பணம் கழிகிறது

வாஷி, ஐரோலி, தஹிசர், முலுண்ட் லால் பகதூர் சாஸ்திரி சாலை, முலுண்ட் ஆனந்த் நகர் ஆகிய ஐந்து சாவடிகளிலும் இலகுரக வாகனங்களுக்கு 2024 அக்டோபர் 14 நள்ளிரவு முதல் கட்டணம் இல்லை. அதற்கு முன் காருக்கு 45 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே பாஸ் எதுவும் தேவையில்லை. அப்படியும் பணம் கழிந்தால் சந்தேகிக்க வேண்டியது டேக்கில் பதிவாகியிருக்கும் வாகன வகை. கார், ஜீப், வேன் எல்லாம் வகை 4. அவற்றின் டேக் ஊதா நிறத்தில் இருக்கும். இலகுரக வணிக வாகனம் வகை 5. பழைய வண்டி வாங்கியவர்களிடமும், முகவர் ஒருவர் அவசரமாகக் கொடுத்த டேக்கை ஒட்டியவர்களிடமும் இந்த வகை தவறாகப் பதிவாகியிருப்பதைப் பார்க்கலாம். வங்கியின் செயலியில் வாகன விவரத்தைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால், டேக் கொடுத்த வங்கிக்கு ஆர்.சி. நகலை அனுப்பித் திருத்தச் சொல்ல வேண்டும். திருத்தாவிட்டால் இந்த ஐந்து சாவடிகளில் மட்டுமல்ல, நாடு முழுவதும் ஒவ்வொரு சாவடியிலும் கூடுதலாகவே கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு காரணம் எளிமையானது. குறுஞ்செய்தியில் உள்ள சாவடிப் பெயரை ஒழுங்காகப் படித்தால், பணம் போனது வாஷியில் அல்ல, அடல் சேதுவில் என்று தெரியவரும். சேவ்ரியிலிருந்து நாவா சேவா போகும் அந்தக் கடற்பாலத்தில் காருக்கு ஒருவழிக்கு 250 ரூபாய். நுழைவுச் சாவடி விலக்கு அதற்குப் பொருந்தாது. மின்சாரக் கார்களுக்கும் மின்சாரப் பேருந்துகளுக்கும் மட்டும் 2025 ஆகஸ்ட் 22 முதல் அங்கே தனியாக ஒரு விலக்கு இருக்கிறது.

அறிகுறி: ஆண்டு பாஸ் வாங்கியிருந்தும் டேக்கின் இருப்பிலிருந்து பணம் போகிறது

ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் 2025 ஆகஸ்ட் 15-இல் வந்தபோது அதன் விலை 3,000 ரூபாய். ஓர் ஆண்டு அல்லது 200 கடப்புகள், எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். வணிகப் பயன்பாடு இல்லாத கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச் சாலைகளிலும் உள்ள சாவடிகளில் மட்டும். மும்பைக்காரர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் மும்பை–புணே விரைவுச் சாலை, சம்ருத்தி நெடுஞ்சாலை, அடல் சேது மூன்றுமே மாநிலத்தின் கையில் இருப்பவை. அங்கே ஆண்டு பாஸ் செல்லாது. வழக்கமான இருப்பிலிருந்துதான் கழியும். ஆகவே விரைவுச் சாலையில் உள்ள காலாப்பூர்ச் சாவடியில் பணம் போனால் அது முறையானது. கேட் சிவாபூரில் போனால்தான் கேள்வி கேட்க வேண்டும். ஆண்டு பாஸ் இருக்கிறதே என்று சாதாரண இருப்பைச் சுழியத்தில் விட்டுவிட்டு விரைவுச் சாலையில் ஏறியவர்கள் காலாப்பூரில் மாட்டிக்கொள்கிறார்கள். பெயரில் இரண்டுக்கும் "பாஸ்" என்று வருவதால், ஆண்டு பாஸையும் கண்பதி பாஸையும் குழப்பிக்கொண்டு புகார் எழுதுகிறவர்களும் உண்டு.

ஆண்டு பாஸ் வைத்திருப்பவர் கண்பதி பாஸையும் வாங்கியிருந்தால், கழிந்ததைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம். தேசிய நெடுஞ்சாலைச் சாவடியில் டேக் படிக்கப்பட்டால் பணம் குறையாது. மீதமுள்ள கடப்புகளில் ஒன்று குறையும். அந்த 3,000 ரூபாயை 200-ஆல் வகுத்தால் ஒரு கடப்பின் விலை ஏறத்தாழ 15 ரூபாய்தான் என்பதால் பெரிய இழப்பில்லை. வேண்டுமானால் பயணத்துக்கு முன்னும் பின்னும் நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க்யாத்ரா செயலியில் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளலாம்.

அறிகுறி: டேக் கருப்புப் பட்டியலில் இருப்பதாகச் சொல்லி இரட்டிப்புக் கேட்கிறார்கள்

விலக்கு நாள்களில் இருப்பைக் கவனிக்காமல் விட்டுவிடும் பழக்கத்தால் வருவது இது. இருப்பு குறைந்தாலும், வங்கி கேட்ட அடையாள விவரங்களைக் கொடுக்காவிட்டாலும், புதிய வண்டியைச் சேசிஸ் எண்ணில் பதிந்துவிட்டுப் பதிவெண்ணைப் பின்னர் சேர்க்காமல் விட்டாலும் டேக் இந்தப் பட்டியலுக்குப் போகும். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். மகாராஷ்டிரத்தின் மாநிலச் சாவடிகளிலும் 2025 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகிவிட்டது.

கேட்கும் தொகை சரிதானா என்றும் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் 15-இல் வந்த விதியின்படி தேசிய நெடுஞ்சாலைகளில், செல்லத்தக்க டேக் இல்லாத வண்டி ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யு.பி.ஐ. வழியாகக் கட்டினால் ஒன்றேகால் மடங்குதான். கட்டணம் 100 ரூபாய் என்றால் ரொக்கத்தில் 200, யு.பி.ஐ.யில் 125. கூட்ட நேரத்தில் இந்த வேறுபாட்டைப் பணியாளர் தாமாகச் சொல்லாமல் போகலாம், நீங்கள்தான் யு.பி.ஐ. என்று கேட்க வேண்டும்.

சாவடி வரிசையில் நின்றுகொண்டே ரீசார்ஜ் செய்தால் போதுமா என்ற கேள்விக்கு இரண்டு பகுதியாக விடை சொல்ல வேண்டும். தேசியப் பணம் செலுத்துதல் கழகம் 2025 பிப்ரவரி 17 முதல் கொண்டுவந்த விதியின்படி, டேக் படிக்கப்படுவதற்கு 60 நிமிடங்களுக்கு மேலாகக் கருப்புப் பட்டியலில் இருந்து, படித்த பிறகும் 10 நிமிடம் வரை அங்கேயே இருந்தால் அந்தப் பரிவர்த்தனை மறுக்கப்படும். இது வங்கிகளுக்கு இடையிலான தகராறுகளைத் தீர்க்கவே வந்தது என்றும், தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் டேக்கின் நிலை உடனுக்குடன் தெரிவதால் கடப்பதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்யலாம் என்றும் நெடுஞ்சாலை ஆணையம் விளக்கம் கொடுத்தது. மாநிலச் சாலைகளில் சில சாவடிகள் பழைய முறையில் இருந்ததையும் அதே விளக்கம் சொல்லியது. மும்பையிலிருந்து கிளம்பினால் முதலில் வருவது மாநிலச் சாலைதான். ஆகவே புறப்படும் முந்தைய இரவே இருப்பைச் சேர்த்து, நிலை சரியாகிவிட்டதா என்று வங்கியின் செயலியில் பார்த்துவிட்டுத் தூங்கப் போவது நல்லது.

அறிகுறி: இருப்பு இருந்தும் டேக்கைப் படிக்கவில்லை, ரொக்கம் கேட்கிறார்கள்

இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது, பலருக்குத் தெரியாமலே. 2018 மே 7-இல் வந்த மத்திய அரசின் அறிவிக்கை, போதுமான இருப்புடன் செயல்படும் டேக் வைத்திருக்கும் வண்டியை, சாவடியின் கருவி பழுதானதால் படிக்க முடியாமல் போனால், கட்டணமின்றி அனுப்பிவிட்டுச் சுழியப் பரிவர்த்தனை ரசீது கொடுக்க வேண்டும் என்கிறது. இதைக் கேட்பதற்கு முன் பழுது நம்முடைய டேக்கில் இல்லை என்று காட்ட வேண்டும். வங்கிச் செயலியில் இருப்பையும் நிலையையும் திறந்து காட்டுங்கள். கைக்கருவியால் படிக்கச் சொல்லுங்கள். கைக்கருவியும் படிக்காமல், பக்கத்துப் பாதையில் மற்ற வண்டிகள் போய்க்கொண்டிருந்தால், பழுது உங்கள் டேக்கில் இருக்கவே வாய்ப்பு மிகுதி. டேக்கின் மேல் ஒட்டிய கறுப்புப் படலமும், கண்ணாடியில் உள்ள உலோகப் பூச்சும் அலையைத் தடுக்கும். கண்பதி பாஸை இடமில்லாமல் டேக்கின் மீதே ஒட்டியிருந்தவர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். காகிதம் அலையைத் தடுக்காது என்றாலும், திரும்பி வந்து அதை உரித்தபோது டேக்கும் சேர்ந்து வந்துவிட்டது.

ரொக்கமோ யு.பி.ஐ.யோ கொடுத்துவிட்டு வந்தபின் டேக்கிலும் அதே கட்டணம் கழிந்திருந்தால், ரசீதுதான் உங்கள் சாட்சி. வேறு வழியில் ஏற்கெனவே பணம் செலுத்திவிட்டேன் என்ற காரணத்தை எழுதி வங்கியிடம் கேட்கலாம். ரசீது வாங்காமல் வந்திருந்தால் கை கட்டப்பட்டதுபோல்தான். குறுஞ்செய்தி இரண்டு முறை வந்தாலே பணம் இரண்டு முறை போனதாக முடிவு கட்டிவிடாதீர்கள். பரிவர்த்தனை எண் ஒன்றாக இருந்தால் அது செய்தியின் இரட்டிப்பு மட்டுமே.

அறிகுறி: வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது, எங்கோ பணம் கழிந்திருக்கிறது

கூட்ட நாள்களில் ஆன்டெனா படிக்காத வண்டியின் எண்ணைப் பணியாளர் கையால் தட்டிப் பதிவதுண்டு. ஓர் இலக்கம் மாறினால் அது வேறொருவரின் கணக்கில் போய் விழும். இதை அலட்சியமாக விடாதீர்கள். இப்படித் தவறாகக் கழித்த ஒவ்வொன்றுக்கும் சாவடி நடத்துபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கும் நடைமுறை இருக்கிறது. நீங்கள் புகார் கொடுத்தால்தான் அது நடக்கும். அதற்கு முன் குறுஞ்செய்தி வந்த நேரத்தைப் பார்க்காமல், டேக் படிக்கப்பட்ட நேரத்தைச் செயலியில் பாருங்கள். சாவடியின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தால், நேற்று நீங்கள் உண்மையிலேயே கடந்ததற்கான செய்தி இன்று வந்திருக்கலாம்.

அறிகுறி: திரும்பும்போது பாதிக்குப் பதில் முழுக் கட்டணம் கழிந்தது

24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரு வழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் என்பது வழக்கம். ஆனால் போகும்போது விலக்கில் கடந்திருந்தால் அந்தக் கடப்பு டேக்கின் பெயரில் பதிவாகியிருக்காது. விலக்கு நள்ளிரவில் முடிந்து மறுநாள் காலை திரும்பினால் கணினிக்கு அது முதல் கடப்பு. முழுக் கட்டணம் கழிவது சரியே.

புகாரை எழுதும் விதம்

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண் இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது. அங்கே பதிந்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பணத்தைத் திரும்பப் பெறும் வழி, உங்களுக்கு டேக் கொடுத்த வங்கியின் வழியாகத்தான். அந்த வங்கி, சாவடியின் சார்பில் பணம் வாங்கிய வங்கியிடம் கேட்கும். பணம் வாங்கிய வங்கி சாவடியிடம் பதிவையும் வண்டியின் படத்தையும் கேட்கும். சாவடிப் பணியாளரிடம் நின்று சண்டை போடுவதால் பின்னால் நிற்கும் ஐம்பது வண்டிகள் காத்திருக்குமே தவிர, அவரால் கழிந்த தொகையைத் திருப்ப முடியாது.

செயலியில் பரிவர்த்தனையைத் திறந்து, தகராறு அல்லது புகார் என்று இருக்கும் இடத்தில், "விலக்கு" என்று ஒரே சொல்லில் எழுதினால் மறுத்துவிட வாய்ப்பு உண்டு. எழுதுவதைப் படிப்பவர் சென்னையிலோ நொய்டாவிலோ இருக்கலாம், அவருக்கு மகாராஷ்டிரத்தின் கண்பதி விலக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் எழுதியது இப்படி: "இந்த வாகனத்துக்கு மகாராஷ்டிர அரசின் விநாயகர் சதுர்த்திச் சுங்க விலக்குப் பாஸ் உள்ளது. பாஸ் எண்ணும் செல்லும் நாள்களும் இணைப்பில் உள்ளன. டேக் படிக்கப்பட்ட தேதி அந்த நாள்களுக்குள் வருகிறது. சாவடி, விலக்கு பெற்ற சாலையில் உள்ளது. பணியாளர் பாஸைச் சரிபார்த்தார். அதற்கு முன்பே ஆன்டெனா படித்துவிட்டது." இதோடு பாஸின் முழுப் படம், பாஸும் நம்பர் பிளேட்டும் ஒன்றாகத் தெரியும்படி முன்னாலிருந்து எடுத்த காரின் படம், குறுஞ்செய்தியின் படம், அந்த ஆண்டின் அரசு ஆணையின் நகல் ஆகிய நான்கையும் இணைத்தேன். காரின் படத்தைக் கிளம்பும்போதே வீட்டு வாசலில் எடுத்துவிடுங்கள். பாஸை உரித்த பிறகு அதை எடுக்க முடியாது.

முதல் பதில், பரிவர்த்தனை முறையானது என்று கூறி மறுப்பாகவே வந்தது. டேக் சரியாகப் படிக்கப்பட்டதா என்பதை மட்டும் அவர்கள் பார்த்திருந்தார்கள். அதில் எனக்கும் ஐயமில்லை. டேக் படித்ததைக் கேட்கவில்லை, விலக்குப் பெற்ற வண்டியிடம் கட்டணம் எடுத்ததைத்தான் கேட்கிறேன் என்று அதே புகார் எண்ணில் மறுபடி எழுதி, ஆணையில் அந்தச் சாலையின் பெயர் வரும் வரிக்கு அடிக்கோடிட்டு அனுப்பினேன். பதினேழாம் நாள் தொகை டேக்கின் இருப்பில் வரவானது. வரவுச் செய்தியில் அந்தப் பழைய பரிவர்த்தனை எண்ணே இருந்தது.